ஆறு கால் எழுத்து

பூச்சியும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வடக்கே, ஆண்டில் பாதி நாள் பனி மூடிக்கிடக்கும் நாட்டில், அகலமான ஓர் ஆறு ஓடியது. அதன் கிழக்குக் கரையில் ஜாரோவா என்று ஓர் ஊர் இருந்தது. 'ஜார்' என்றால் அவர்கள் மொழியில் தணல். முதன்முதலில் அங்கே குடியேறியவர்கள் ஒரு கொடும் பனிக்காலத்தில் வந்து சேர்ந்தார்கள். சட்டியில் கொண்டுவந்த தணலை அணையவிடாமல் ஒருவர் மாற்றி ஒருவர் ஊதிக் காத்து உயிர் பிழைத்தார்கள். அதனால் ஊருக்கு அந்தப் பெயர்.

ஜாரோவா என்று நான் எழுதுவது வேறு வழியில்லாமல்தான். அந்த முதல் ஒலிக்கு நம்மிடம் எழுத்து கிடையாது. அது நம்முடைய 'ஜ' அன்று. 'ஷ'வுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் 'ஷ'வும் அன்று. பூவைச் சுற்றிவரும் வண்டின் ரீங்காரம் இருக்கிறதே, கிட்டத்தட்ட அது. எப்படிச் சொல்வது என்பது கதையிலேயே வருகிறது. அதுவரைக்கும் 'ஜ' என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தக் கரை மக்கள் ஒவ்வோர் ஒலியையும் ஒவ்வோர் உயிரிடமிருந்து கற்றவர்கள். பாம்பிடமிருந்து ஒன்று, ஆட்டிடமிருந்து ஒன்று, ஆந்தையிடமிருந்து ஒன்று. இந்த ஒலியை வண்டிடமிருந்து கற்றார்கள். கற்றதும், மிகவும் பிடித்த சொற்களுக்கெல்லாம் அதையே தலையில் வைத்தார்கள். வாழ்வதற்கு ஜிதி. மனைவிக்கு ஜெனா. வயலில் விளையும் தானியத்துக்கு ஜிதோ. வண்டுக்கும் நன்றி மறக்காமல் ஜூக் என்று பெயரிட்டார்கள்.

ஜாரோவாவின் வயல்களை ஒட்டி ஓக் மரக்காடு ஒன்று இருந்தது. விழுந்து மட்கிய மரங்களில்தான் வண்டுகள் குஞ்சு பொரித்தன. ஊரார் அந்த மரங்களைத் தொடுவதில்லை. எதிர்க்கரையில் நிலைமை வேறு. அந்த ஊரின் பெயர் ஷாரோவா. அதை ஆண்டவன் வோலோதர், ஆற்று நாடு முழுவதற்கும் தலைவரான கோஸ்திமிரின் தங்கை மகன். படகு கட்டி விற்பதற்காகத் தன் கரையில் இருந்த ஓக் மரங்களையெல்லாம் வெட்டித் தீர்த்திருந்தான். இப்போது அவன் கண் கிழக்குக் கரைக் காட்டின்மேல் இருந்தது.

பனி உருகி வரப்புகள் வெளியே தெரியும்போதெல்லாம் அந்த நாட்டில் சண்டை மூளும். இது என் நிலம், அது உன் நிலம் என்று ஆட்கள் அடித்துக்கொண்டு சாவார்கள். தலைவர் கோஸ்திமிர் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். தெற்கே, கடலுக்கு அப்பால், பேச்சைக் கீறி வைக்கும் எழுத்து என்ற ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதை அறிந்த ஒருவரை வரவழைத்தார். அவர் பெயர் தியோதோர். நரைத்த தாடியும் குளிருக்கு நடுங்கும் கைகளுமாக வந்து இறங்கினார்.

தலைவர் ஆணையிட்டார். குன்றின்மேல் பெரிய கல் ஒன்று நடப்படும். வேனிற்காலத்தின் மிக நீண்ட பகலன்று, எல்லா ஊர்களின் பெயரும் அதில் எழுதப்படும். ஊர்த்தலைவர் வந்து, எழுதிய பெயர்மேல் உள்ளங்கையை வைத்து அதை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னவருக்கு அந்த ஊரின் நிலமும் காடும் சொந்தம். கல்லில் பெயர் இல்லாத ஊருக்கு நிலமும் இல்லை.

தியோதோர் ஊர் ஊராகப் போய்ப் பெயர்களைக் கேட்டு மரப்பட்டையில் கீறிக்கொண்டார். ஒரு நாள் ஷாரோவாவுக்குப் போனார். மறுநாள் ஆற்றைக் கடந்து ஜாரோவாவுக்கு வந்தார்.

ஜாரோவாவின் தலைவி ஜெலானா. ஆற்றில் பனிப்பாளம் உடைந்து வெள்ளம் வந்த ஆண்டில், முந்தைய தலைவர் அடித்துச் செல்லப்பட்டார். அப்போது தொண்டை கிழியக் கத்திக் கத்தி ஊரையே மேட்டுக்கு ஏற்றியவள் இவள். அன்றைக்கே ஊரார் இவளைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். முன்கோபக்காரி. குரலைத் தணித்துப் பேச அவளுக்கு வராது.

தியோதோர் ஊர்ப்பெயரைக் கேட்டார். சொன்னாள். எழுதிக்கொண்டு, சரிபார்ப்பதற்காக வாசித்துக் காட்டினார்.

"ஷாரோவா."

"அது எதிர்க்கரை. இது ஜாரோவா" என்றாள் ஜெலானா.

"அதைத்தான் சொன்னேன் அம்மா. ஷாரோவா."

அவள் மறுபடி சொன்னாள். அவரும் மறுபடி சொன்னார். அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. அண்டை வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள். அவரோ பொறுமையாகத் தலையாட்டி, தன் காதுக்கு இரண்டு பெயரும் ஒன்றாகத்தான் கேட்கின்றன, தன் தாய்மொழியில் இப்படி இரண்டு ஒலிகள் இல்லை என்று விளக்கினார். பட்டையில் அவர் கீறியிருந்த முதல் எழுத்தை ஜெலானா உற்றுப் பார்த்தாள். மூன்று கம்புகளை நட்டு, அடியில் ஒரு குறுக்குக் கட்டை கொடுத்த வேலி போல இருந்தது: Ш. எதிர்க்கரை ஊருக்கும் இதே வேலியைத்தான் போட்டீரா என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

அப்படியானால் எங்களுக்கு வேறொன்று போடும் என்றாள். அவர் முடியாது என்றார். அதற்குக் காரணமும் சொன்னார். மேற்கே ஓர் ஊரில் ஒருவன் தன் குதிரையின் முகத்தை எழுத்தாக்கச் சொல்லி அடம்பிடித்தானாம். இன்னொருவன் தன் மாமியார் இருமுவதற்கு ஓர் எழுத்து கேட்டானாம். சலித்துப்போன தலைவர், மனிதக் கை எதுவும் இந்த எழுத்துகளோடு புதிதாக ஒன்றைக் கூட்டக்கூடாது என்று சபை நடுவே ஆணையிட்டுவிட்டாராம்.

இது வோலோதரின் காதுக்கு எட்ட நேரம் ஆகவில்லை. அவன் நேரே மாமாவிடம் போனான். கல்லில் இரண்டுக்கும் ஷாரோவா என்றே எழுதப்பட்டால் அது ஒரே ஊர்தான், ஆறு நடுவில் ஓடுகிறது, அவ்வளவுதான், இரண்டு கரையும் தன்னுடையவை என்று வாதாடினான். கோஸ்திமிர் தீர்ப்பு எதுவும் தரவில்லை. கல்லில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். வோலோதர் அதைத் தன் பக்கத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டான். மறுநாள் அவனுடைய ஆட்கள் கிழக்குக் கரைக்கு வந்து, வெட்ட வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜெலானா காட்டுக்குள் போய் அந்தப் பொட்டுகளைப் பார்த்தாள். ஒன்றைத் தலைத்துணியின் நுனியால் துடைத்தாள். அடுத்த மரத்திலும் இருந்தது, அதற்கடுத்த மரத்திலும் இருந்தது. துடைப்பதை விட்டுவிட்டு ஒரு பட்டுப்போன மரத்தின்மேல் உட்கார்ந்தாள். கத்திச் சாதிக்க முடியாத காரியம் ஒன்று அவள் வாழ்க்கையில் வந்தது அதுவே முதல் தடவை.

மரத்தின் பிளவிலிருந்து ஒரு வண்டு வெளியே வந்தது. கருத்த, தடித்த, ஆண் வண்டு. மரப்பால் குடித்த மயக்கத்தில் இருந்தது. என்ன விஷயம் என்று கேட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மரங்கள் போகப் போகின்றன என்றதற்கு அது மீசையை அசைத்துக்கொண்டது. ஆனால் தெற்கத்தியாருக்கு அந்த ஒலி கேட்கவே இல்லை என்றதும் மயக்கம் தெளிந்துவிட்டது.

"என் குரல் அவர் காதில் விழவில்லையா? என்னை அவரிடம் கொண்டு போ" என்றது.

தியோதோர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பட்டை சீவிக்கொண்டிருந்தார். ஜெலானா வண்டை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிக்கொள்ளச் சொன்னாள். கடிக்குமோ என்று அவர் பயந்தார். கடிக்காது, பாட மட்டும் செய்யும் என்றாள். அவர் கையை மூடினார். வண்டு சிறகை விரித்துப் பாடத் தொடங்கியது. கைக்குள்ளே ஏதோ அதிர்ந்து, மணிக்கட்டு வழியாக முழங்கைவரை ஏறியது.

"இப்போது உங்கள் மற்றக் கையைத் தொண்டையில் வையுங்கள், ஐயா. ஷ என்று சொல்லுங்கள்" என்றாள் ஜெலானா.

சொன்னார். வெறும் காற்று போயிற்று. தொண்டை சும்மா கிடந்தது.

"நாக்கை அசைக்காதீர்கள். அங்கேயே இருக்கட்டும். தொண்டையை மட்டும், இதோ இவனைப் போல அதிரவிடுங்கள்."

முதலில் இருமல் வந்தது. பிறகு கொசு கத்துவது போல ஏதோ ஒன்று வந்தது. அது இல்லை என்று சொல்லிவிட்டு வண்டு மறுபடியும் பாடியது. தியோதோர் கண்ணை மூடிக்கொண்டு, கைக்குள் இருந்த அதிர்வையும் தொண்டையில் இருந்த அதிர்வையும் ஒன்றாக்கப் பார்த்தார். திடீரென்று வந்துவிட்டது. நாக்கு ஷவின் இடத்திலேயே நிற்க, தொண்டைக்குள் ஒரு சிறகு அடித்தது. அவர் கண்ணைத் திறந்தார். நிறுத்தாமல் மூச்சு முடியும்வரை அதையே நீட்டினார். பிறகு எழுந்து நின்று சிரித்தார்.

"ஜாரோவா" என்றார்.

அன்று மாலைவரை அவரைப் பிடிக்க முடியவில்லை. வழியில் போனவரையெல்லாம் நிறுத்தி ஜெனா, ஜிதோ, ஜூக் என்று சொல்லிக் காட்டினார். இத்தனை மாதமாக இந்த மக்கள் தன் காதுக்குள் ஊற்றிக்கொண்டிருந்ததைத் தான் கேட்காமலே இருந்ததை நினைத்து அவருக்குத் தாளவில்லை. நேரே தலைவரிடம் போய், இரண்டு ஊரும் வெவ்வேறு, தனி எழுத்து ஒன்று வேண்டும் என்று மன்றாடினார். கோஸ்திமிர் கேட்டுக்கொண்டார். ஆனால் சபை நடுவே சொன்ன சொல்லை ஓர் ஊருக்காக மாற்றினால் நாளைக்கு எல்லா ஊரும் வாசலில் நிற்கும் என்று மறுத்துவிட்டார்.

நீண்ட பகல் வந்தது. குன்று நிறைய ஜனம். கல்லின் முகத்தில் ஈரச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். தியோதோர் அதில் இரும்பு ஊசியால் பெயரைக் கீற வேண்டும். சிற்பி பிறகு அந்தக் கோட்டின்மேல் உளி ஓட்டுவான். ஒவ்வோர் ஊராகக் கூப்பிட்டார்கள். ஊர்த்தலைவர் வந்து கை வைத்துப் பெயரைச் சொன்னதும், அந்த ஊர் ஜனம் அதைத் திருப்பிச் சொல்லிக் கூவியது. ஷாரோவாவின் முறை வந்தபோது வோலோதர் நிமிர்ந்து நடந்து வந்து, வேலி போட்ட எழுத்தின்மேல் கை வைத்துச் சொன்னான். அவன் ஆட்கள் கேடயத்தைத் தட்டினார்கள்.

அடுத்து ஜாரோவா. தியோதோர் ஊசியை எடுத்தார். முதல் எழுத்துக்கு இடத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதினார். எழுதி முடித்துத் தலைவர் பக்கம் திரும்பினார். இந்த இடத்துக்கான எழுத்து என்னிடம் இல்லை, இருக்கிற ஒன்றைப் போட்டால் அது பொய்யாகிவிடும், பொய் எழுதுவதற்காக நான் கடல் தாண்டி வரவில்லை என்றார்.

வோலோதர் முன்னால் வந்தான். இவ்வளவு தயக்கம் எதற்கு, அங்கேயும் வேலியைப் போட்டு முடியுங்கள், இரண்டும் ஒன்றுதானே என்றான்.

ஜெலானா அவனைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஒன்றுதான் என்றால் வேலி எழுத்தை வைத்து உங்கள் மனைவியைக் கூப்பிடுங்கள்."

வோலோதர் வாயைத் திறந்தான். "ஷெனா" என்றான். கூட்டத்தின் ஓர் ஓரத்தில் நின்ற அவன் மனைவி திரும்பவே இல்லை. குன்று முழுதும் சிரித்தது. கோஸ்திமிர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒலி வேறுதான்" என்றார் அவர். "என் காதுக்கும் அது தெரியும். ஆனால் ஓட்டை விழுந்த பெயர் பெயராகாது. மனிதக் கை புதிய எழுத்தைக் கூட்டக்கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல்லைத் தின்ன எனக்குத் தெரியாது. சுண்ணாம்பு காய்வதற்குள் இருக்கிற எழுத்தில் ஒன்றைப் போடுங்கள்."

ஜாரோவா மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தியோதோர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். நானே போடுகிறேன் என்று வோலோதர் குனிந்து அதை எடுத்தான்.

அப்போது ஜெலானாவின் தலைத்துணி மடிப்பிலிருந்து வண்டு வெளியே வந்தது. அவள் தோளில் நின்றுகொண்டு தலைவரை அழைத்தது.

"தலைவரே, உங்கள் ஆணை மனிதக் கைக்குத்தானே?"

"ஆமாம்" என்றார் கோஸ்திமிர்.

"எனக்குக் கை கிடையாது" என்றது வண்டு.

சொன்ன வேகத்தில் பறந்தது. கல்லில் விட்டிருந்த வெற்றிடத்தில், ஈரச் சுண்ணாம்பில், வயிறு பதிய விழுந்தது. முதுகை நேராக்கிக்கொண்டது. மூன்று கால்களை ஒரு பக்கமும் மூன்று கால்களை மறுபக்கமும் முடிந்தமட்டும் விரித்துச் சுண்ணாம்புக்குள் அழுத்தியது. பச்சைச் சுண்ணாம்பு எரிக்கும். அதன் கால் நுனிகள் துடிப்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஜெலானா ஓடிப்போய்க் கையை நீட்டினாள்.

"தொடாதே. இன்னும் பதியவில்லை" என்றது வண்டு. பேசும்போது வாய்க்குள் சுண்ணாம்பு போயிற்று. அதற்குமேல் அது பேசவில்லை. அசையவும் இல்லை.

வெயில் சுண்ணாம்பை இறுக்கியது. பிறகு கோஸ்திமிரே இருக்கையிலிருந்து எழுந்து வந்து, போதும், எடு என்றார். ஜெலானா நகத்தால் மெல்ல நெம்பி வண்டை எடுத்தாள். கல்லில் அதன் உருவம் இருந்தது. நடுவே நிமிர்ந்த முதுகு. இருபுறமும் விரிந்த கால்கள்.

Ж

தலைவர் நெருங்கிப் பார்த்தார். விரலால் தொடாமல் காற்றிலேயே அதன் கோடுகளைத் தடவிப் பார்த்தார். இதில் மனிதக் கை பட்டதா என்று கூட்டத்தைக் கேட்டார். இல்லை என்று குன்று பதில் சொன்னது. எதிர்க்கரை ஆட்களும் இல்லை என்றுதான் சொன்னார்கள். கண்ணால் கண்டதை அவர்களால் மறுக்க முடியவில்லை.

கோஸ்திமிர் தங்கை மகன் பக்கம் திரும்பினார்.

"வோலோதர், வா. கை வைத்துப் படி."

அவன் வந்தான். கல்லில் கை வைத்தான். அவனும் அந்த ஆற்றின் பிள்ளைதானே. அந்த வண்டின் உருவத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் வேறு விதமாகச் சொல்ல முடியவில்லை.

"ஜாரோவா" என்றான்.

"உன் ஊரா?"

கையைக் கல்லிலிருந்து எடுத்தான். "இல்லை, மாமா" என்று சொல்லிவிட்டு ஊசியைத் தியோதோரின் கையில் கொடுத்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

ஜெலானா இடது கையில் வண்டை ஏந்தியபடி வலது கையைக் கல்லில் வைத்தாள். பெயரைச் சொன்னாள். வெள்ளத்தன்று ஊரைக் கூப்பிட்ட அதே குரல். அவள் பின்னால் ஜாரோவா முழுவதும் அதைச் சொன்னது. முதல் ஒலியை அவர்கள் விடவே இல்லை, நீட்டிக்கொண்டே போனார்கள். அத்தனை தொண்டையும் ஒரே நேரத்தில் அதிர்ந்தபோது குன்றின் புல் நடுங்கியது. ஆற்றங்கரை நாரைகளெல்லாம் எழும்பின. மற்ற ஊர்களும் சேர்ந்துகொண்டன. அவர்களுக்கும் மனைவியும் தானியமும் வாழ்வும் இருந்தனவே, அந்தச் சொற்களையும் இனி எழுதலாமே!

ஆரவாரம் அடங்கியதும் ஜெலானா கையைப் பார்த்தாள். வண்டு கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. யாரோ ஒரு குவளைப் பால் கொண்டுவந்தார்கள். அதில் துணியை நனைத்துச் சுண்ணாம்பைத் துடைத்தாள். முதுகைத் துடைத்தாள், ஒவ்வொரு காலாகத் துடைத்தாள். அது அசையவில்லை. குனிந்து, முன்னோர் தணலை ஊதியது போல மெல்ல ஊதினாள். மெதுவாக ஒரு கால் நீண்டது. பிறகு இன்னொன்று.

"ஜிவேதே" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வாழுங்கள் என்று பொருள். எல்லாரும் அதைச் சொன்னார்கள்.

தியோதோர் இந்தப் பக்கம் சிற்பியோடு நின்றுகொண்டிருந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, இதற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவர், அந்தச் சொல்லைக் கேட்டதும் யோசிப்பதை நிறுத்திவிட்டார். ஜிவேதே என்றே எழுதிக்கொண்டார்.

வண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. சுண்ணாம்பு அதன் நாக்கைச் சுட்டுவிட்டிருந்தது. இன்னொரு முறை முயன்றது. ஜெலானாவின் கண்ணில் நீர் கட்டியது. வண்டு முயல்வதை விட்டுவிட்டுச் சிறகை உதறியது. எழும்பிப் பறந்து கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்த ஒரே ஒலி, முன்பைவிட உரக்க. கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகத் தாழப் பறந்தது. எல்லாரும் அண்ணாந்து, அதோடு சேர்ந்து தங்கள் தொண்டைகளையும் அதிரவிட்டார்கள். பொழுது சாயும்வரை குன்றில் வேறு பேச்சே எழவில்லை.

அந்த நீண்ட பகலில் கல்லேறியதுதான் அந்த எழுத்து. வடநாட்டார் இன்றும் ஆறு கால்களையும் விரித்தே அதை எழுதுகிறார்கள், தொண்டையை அதிரவிட்டே அதைச் சொல்கிறார்கள். அன்றைக்குச் சுட்ட நாக்கு வண்டுக்கு இன்னும் ஆறவில்லை. மற்ற எல்லாப் பேச்சையும் துறந்துவிட்டு, தான் வென்ற அந்த ஓர் எழுத்தை மட்டும் பூவுக்குப் பூ உரக்கப் படித்துக்கொண்டு திரிகிறது.